பழைய மர பீரோவுக்கு வீட்டிலேயே பெயிண்ட்: வழவழன்னு வர என்ன செய்யணும்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பீரோ, மேசைக்குப் புது பெயிண்ட் அடிச்சும் சொரசொரன்னு இருக்கா? பெரும்பாலும் குறை பெயிண்டில் இல்லை, அதற்கு முந்தைய வேலையில்தான்.

முதலில் பாதுகாப்பு

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்கணும். என்95 மாஸ்க் அவசியம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைச்சு எடுக்கணும்.

எப்படி அடிப்பது?

* கைப்பிடிகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கணும்.
* 180 நம்பர் பேப்பரால் பழைய பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, நன்றாகக் காயவிடணும்.
* ஓட்டை, கீறலில் மரத்துக்கான பட்டி பூசி, காய்ந்ததும் 220 நம்பரில் சமப்படுத்தணும்.
* ஒரு கோட் வுட் பிரைமர். காய்ந்தபின் 320 நம்பரில் லேசாகத் தேய்த்தால் போதும்.
* எனாமலை ஒரே தடவையில் கெட்டியாக அடிக்காமல், மெல்லிசா இரண்டு கோட் கொடுக்கணும். சின்ன ஃபோம் ரோலரில் பிரஷ் தடம் விழாது.

மழை நாளில் வேண்டாம்

காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பெயிண்ட் காய நேரமாகும், பளபளப்பும் மங்கும். கையில் ஒட்டலைன்னா உள்ளேயும் காய்ந்துவிட்டதுன்னு அர்த்தமில்லை. ஒரு வாரமாவது கனமான பொருளை அதன்மேல் வைக்காதீங்க.