செட்டிபாளையம் வழியாக டெட்ராய்ட்: ஆலிஸ் கோல்ட்ரேனின் ஓர் இசைத்தட்டு



‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற ஜாஸ் ஆல்பத்தை நாம் இங்கே பேசக் காரணம் உண்டு. 1971இல் அமெரிக்காவில் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது அது. பெயரில் இருக்கும் சச்சிதானந்தர் நம் கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர்; 1969 உட்ஸ்டாக் விழாவின் தொடக்கத்தில் பேசியவர். ஆல்பத்தை நடத்தியவர் அவருடைய சீடர், ஹார்ப் வாசித்த ஆலிஸ் கோல்ட்ரேன்.

டெட்ராய்ட்டின் கறுப்பினத் தேவாலயங்களில் வாசித்து வளர்ந்தவர் ஆலிஸ். 1966இல் கணவர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில், மெக்காய் டைனர் விலகிய இடத்தில் பியானோவுக்கு வந்தார். குழுவைக் கெடுத்தவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. மனைவி என்றால் பழி போடுவது சுலபம்தானே. 1967 ஜூலையில் ஜான் இறந்தார். அடுத்த ஆண்டே ஆலிஸின் முதல் ஆல்பம் வந்தது. அதிலேயே ஹார்ப் இருக்கிறது. ஐரோப்பியச் சீமான்களின் வரவேற்பறைக் கருவி அது. அதே டெட்ராய்ட்டின் டாரதி ஆஷ்பி, இன்னொரு கறுப்பினப் பெண், 1957லேயே அதை ஜாஸுக்குள் இழுத்து வந்திருந்தார். அவர் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைப்புப் பாடலில் தம்புரா சுருதி விடாமல் ஒலிக்கிறது. செசில் மெக்பீயின் பாஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹார்ப் அலையாய் எழ, ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் மேலே வருகிறது. தம்புரா இருந்தும் நம் காதில் விழுவது புளூஸ்தான்.

இதன் பெரும்பகுதி பதிவானது 1970 நவம்பரில். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. எல்லாம் ஒன்று என்னும் தத்துவம் கடல் தாண்டும்போது சேரியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. ஆலிஸுக்கு அதை யார் சொன்னார்கள்? நமது வழக்கு ஏற்றுமதி செய்தவர்களோடு. துக்கத்தில் நின்று கைநீட்டி வாங்கியவரோடு அல்ல.

வாங்கியதை அவர் அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. துரியசங்கீதானந்தா என்று பெயர் சூடி, 1983இல் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்தார். இங்கே சங்கர மடங்களில் எந்தப் பெண்ணும் எந்தத் தலித்தும் ஏற முடியாத குருபீடத்தில், அங்கே ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்தார். அங்கு பதிவான பஜனைகளில் சொற்கள் சமஸ்கிருதம். கைதட்டலும் எதிர்க்குரலும் டெட்ராய்ட் தேவாலயத்துடையவை.