கரி பூசிய முகங்கள்



பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், புக்கிட் தெங்காவுக்கு அருகே நான் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் பரிசளிப்பு விழா. நம் பாட்டிமார் பால்மரம் வெட்டிய கதையை நாடகமாகப் போட்டோம். கதாநாயகியாக, வகுப்பிலேயே சிவந்த நிறமுடைய மாணவியைத் தேர்ந்தெடுத்தேன். வெயிலில் உழைத்தவள் வேடமல்லவா? அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அவள் முகத்தில் பூசினேன். பக்கத்தில் நின்ற மற்றொரு சிறுமி, "டீச்சர், நான் கறுப்பாத்தானே இருக்கேன்? எனக்குக் கரியே பூச வேணாமே!" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நாடகம் நடந்தது; கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1830ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு, 'ஜிம் குரோ' என்ற கறுப்பின ஆளாக ஆடிப் பாடினார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டில் மூடும் தக்கையைச் சுட்டுக் கரியாக்கிப் பூசிக்கொள்வது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பின்னாளில் கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கும் அதே 'ஜிம் குரோ' பெயர்தான் வழங்கியது. சிரிப்பு எங்கே போய் முடிந்தது, பார்த்தீர்களா?

வழக்கம் மேடையோடு நிற்கவில்லை. 2009 அக்டோபரில், பாரிஸ் நகரத்து 'வோக்' என்ற நாகரிக உடை இதழ், லாரா ஸ்டோன் என்ற டச்சு அழகியின் மேனியில் கருமை பூசிப் படம் வெளியிட்டது. 2013இல் 'நுமேரோ' என்ற இன்னொரு பிரெஞ்சு இதழ், ஒரு வெள்ளை அமெரிக்க இளம்பெண்ணைக் கருமையாக்கி, 'ஆப்பிரிக்க அரசி' என்று தலைப்பும் இட்டது. கண்டனம் எழவே, இதழ் மன்னிப்புக் கேட்டது. தலைப்பு தம்முடையதன்று என்றார் படம் எடுத்தவர்.

ஒப்பனை என்றாலே வேடந்தானே, இதில் என்ன குற்றம் என்று வாதாடுவோரும் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. மறுபக்கத்தார் கேட்டது வேறு. கருமை அழகென்று தோன்றினால், அந்த நிறத்தோடு பிறந்து வேலை தேடி நிற்கும் பெண்ணை ஏன் அழைக்கவில்லை? படத்துக்கான சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் அவர்கள் வழக்கு. நாள்கூலி வாங்கிய நமக்கு இது சொல்லாமலே விளங்கும்.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 நோன்பு மாதத்தில் வாட்சன்ஸ் நிறுவனம் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. 'டாயாங் செனாண்டோங்' என்ற பழைய மலாய்க் கதையைத் தழுவியது. இனிய குரலுடைய பெண்ணைக் கண்டு மயங்கப்போன செல்வந்தர், அவளுடைய கறுத்த முகத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். நடிகையின் முகத்தில் இருந்தது பூசிய கருமை. அது நீங்கி வெளுத்த முகம் தெரிந்ததும் அவருக்கு மகிழ்ச்சி! பாரிஸ் இதழ்களில் அழகுக்காகப் பூசினார்கள். இங்கே அதுவே அழுக்காகிவிட்டது. பழங்கதையில் உள்ளதுதான் என்று முதலில் சொன்ன நிறுவனம், எதிர்ப்பு வலுத்ததும் மன்னிப்புக் கேட்டுப் படத்தை விலக்கிக்கொண்டது. (பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மகள் முகத்தில் பவுடரை அப்பும் நாமும் அன்று கோபப்பட்டோம்.)

அதே ஆண்டு டிசம்பரில், சென்னையில் நரேஷ் நில் என்ற புகைப்படக்காரரும் பரத்வாஜ் சுந்தரும் கறுத்த மேனியுடையவர்களை அழைத்து, இலட்சுமியாகவும் முருகனாகவும், இரட்டைப் பிள்ளைகளோடு சீதையாகவும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பன் என்றுதான் பொருள். நம் வீட்டுக் காலண்டரில் அவன் நீலம்.

அந்தப் படங்களை அச்சிட்டு வகுப்பில் காட்டினேன். இலட்சுமியைக் கண்டு பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "எங்க அக்கா மாதிரி இருக்காங்க" என்றாள். என்னிடம் கேள்வி கேட்ட சிறுமி அதற்குள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள்.