தன்னையே மெய்ப்புப் பார்க்கும் பிரதி

அச்சிட்ட நூல் எதுவாயினும் அதில் பிழை இருக்கும். மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பிய எழுத்து அடுத்த பதிப்பு வரை உயிர்வாழும். சதுரங்க ஆட்டக் குறிப்பு இதில் சற்றே வேறானது. செய்யுளில் சீர் பிறழ்ந்தால் தளை தட்டுவதுபோல, குறிப்பில் ஒரு நகர்வு பிறழ்ந்தால் ஆட்டவிதி இடறிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். இவ்வியல்பைக் கணினி எவ்வாறு பயன்படுத்திக்கொண்டது என்பதை இங்கே காண்போம்.

காரி காஸ்பரோவ் 1985-இல் ஹாம்பர்க் சங்கத்தின் எட்டு ஆட்டக்காரர்களோடு ஒரே வேளையில் மோதி, மூன்றரைக்கு நாலரை என்று தோற்றார். 1987-இல் மீண்டும் மோதியபோது ஏழுக்கு ஒன்று என வென்றார். இடையில் அவர் கைக்கு வந்தது, மத்தியாஸ் வூல்லன்வெபர் என்ற இயற்பியல் மாணவர் அட்டாரி கணினிக்கு எழுதிய செஸ்பேஸ் என்னும் நிரல். எதிராளிகளின் பழைய ஆட்டங்களை அதில் புரட்டிப் பார்த்தே அவர் ஆயத்தமானார். அன்று முதல், ஏட்டில் உள்ள ஒரு தவறான நகர்வு வெறும் அச்சுப்பிழையாக இருக்கவில்லை. அதை நம்பி அமர்பவரைத் தோற்கடிக்கவும் வல்லதாயிற்று.

ஆனால் உயர்தர ஆட்டங்கள் பெரும்பாலும் தாளிலேயே கிடந்தன. 1966 முதல் பெல்கிரேடிலிருந்து வெளிவந்த செஸ் இன்ஃபார்மன்ட் தொகுதிகள் அவற்றுள் தலையாயவை. காய்களின் சிற்றுருவங்களும் கட்டங்களின் பெயர்களுமாக, எம்மொழியினரும் படிக்கும்படி அவை அச்சாயின. அப்பக்கங்களைக் கணினியே படிக்கும்படி செய்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹென்றி பேர்டும் கென் தாம்சனும். தாம்சன் யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவர்களது கட்டுரை 1990-இல் வெளியாயிற்று.

இருநூறு எழுத்துக்கு ஒன்றை மட்டுமே தவறாகப் படிக்கும் இயந்திரத்தை நாம் மெச்சுவோம். ஆயினும் நாற்பது நகர்வு கொண்ட ஆட்டம் இருநூறு எழுத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் ஆட்டத்துக்கு ஒரு பிழையேனும் எதிர்பார்க்க வேண்டியதுதான். இங்கேதான் விதி துணைக்கு வருகிறது. மங்கிய அச்சில் ‘சி’யும் ‘இ’யும் ஒன்றுபோல் தெரியலாம். வெள்ளையின் முதல் நகர்வு சி4-ஆ, இ4-ஆ? இரண்டும் விதிப்படி செல்லும். மூன்றாம் நகர்வில் மந்திரி பி5-க்குப் பாய்கிறது என்றால் ஐயம் தீர்ந்தது. இ வரிசைச் சிப்பாய் வழிவிடாமல் அந்த மந்திரி வெளியே வர முடியாது. இவ்வாறு பின்வரும் நகர்வு முன்னதைத் திருத்த, பக்கத்தைப் படிக்கும் வேலையும் ஆட்டத்தை ஆடிப்பார்க்கும் வேலையும் ஒன்றாயின.

1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த பிஜிஎன் என்னும் வடிவம், மனிதரும் நிரலும் ஒருங்கே படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாக ஆட்டங்களைப் பொதுவில் வைத்தது. நகர்வுகளுக்கு மேலே ஏழு குறிப்புகள் இருக்க வேண்டும்: போட்டி, இடம், நாள், சுற்று, வெள்ளை ஆடியவர், கறுப்பு ஆடியவர், முடிவு.

விதியின் காவல் இந்த ஏழு வரிகளை எட்டுவதில்லை. 1920-இல் நியூ ஆர்லியன்ஸில் எட்வின் ஆடம்ஸும் கார்லோஸ் டோர்ரேயும் ஆடியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற ஆட்டம் ஒன்று உண்டு. வெள்ளை தன் ராணியை மீண்டும் மீண்டும் பலிகொடுக்க முன்வரும் அழகிய ஆட்டம். அது உண்மையில் ஆடப்பட்டதுதானா என்று ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். நிரலுக்கோ அதில் ஒரு குறையும் இல்லை. எல்லா நகர்வுகளும் விதிக்கு உட்பட்டவையே.

நடக்கக்கூடியது எது என்பதை நிரல் சொல்லும். நடந்தது எது என்பதற்குப் பழைய நாளிதழ்களையும் ஆட்டக்காரர்கள் கைப்பட எழுதிய தாள்களையும்தான் நாம் நாட வேண்டியிருக்கிறது. பிஜிஎன்னை வகுத்தவர் இதை அறிந்தே இருந்தார் போலும். நாள் தெரியாத ஆட்டத்தில் எண்களுக்கு மாற்றாகக் கேள்விக்குறிகளை இடுமாறு அவ்வடிவமே பணிக்கிறது.