நிறுவும் பணம், ஓட்டும் பணம்: பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் ஏற்ற கணினி வலையமைப்பு

பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ கணினி வலையமைப்பை நிறுவுவதற்குப் பணம் ஒருமுறை வருகிறது. அதை ஓட்டுவதற்கு மாதாமாதம் பணம் வேண்டும். இந்திய நிதி ஒதுக்கீட்டு முறையில் முதலாவது எளிது, இரண்டாவது கடினம். 2021-26 காலத்துக்குப் 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ எடுக்க முடியாதிருந்தது. சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 30 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். மாதம் 500 ரூபாய் இணையக் கட்டணம் என்றே வைத்துக்கொண்டாலும், 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் ஆண்டுக்கு 7,080 ரூபாய் அதற்கே போய்விடும். எஞ்சும் 2,920 ரூபாயில்தான் சாக்பீஸ் முதல் துடைப்பம் வரை வாங்க வேண்டும். ஆகவே, இத்தகைய நிறுவனங்கள் புதிய வலையமைப்புத் தொழில்நுட்பம் ஒன்றை எடைபோடும்போது அதன் வேகத்தை இரண்டாவதாக வைக்கலாம். நிறுவிய பிறகு அது எவ்வளவு பணமும் எத்தனை ஆளும் கேட்கும் என்பதே முதற்கேள்வி.

இக்கேள்வியைக் கேட்காமல் தொடங்கியதன் விளைவு பாரத்நெட் வரலாற்றில் தெரிகிறது. நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்புத் தரும் திட்டத்துக்கு 2011-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017 இறுதிக்குள் ஒரு லட்சம் ஊராட்சிகள் வரை வடம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடங்களில் எல்லாம் இணைப்பு நிலைத்ததா என்பது வேறு கதை. முதற்கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு இழை ஒரே கோடாகக் கிளைத்துச் சென்றது. சாலையை அகலப்படுத்தவோ குடிநீர்க் குழாய் பதிக்கவோ வந்த ஜேசிபி ஓரிடத்தில் வடத்தை அறுத்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் இணைப்பை இழந்தன. வழியின் ஒரு பகுதிக்குப் பிஎஸ்என்எல்லின் பழைய இழையே பயன்பட்டதால் பழுதுகள் மேலும் கூடின. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம் இரண்டு பாடங்களை ஏற்றுக்கொண்டது. ஒன்று, கோட்டுக்குப் பதில் வளையம்: ஒருபக்கம் அறுந்தால் தகவல் மறுபக்கமாகச் சுற்றி வரும். மற்றொன்று, பத்தாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. இரண்டில் பின்னதே பெரிய மாற்றம்.

தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்களின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகமான டான்ஃபினெட்டிடம் உள்ளது. இங்கும் வளைய அமைப்பே. வடத்தின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே செல்கிறது. பள்ளம் தோண்டும் செலவு மிச்சம். பழுதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததைக் கண்ட டெல்டா மாவட்டங்களில் மின்சாரமும் இணையமும் ஒரே கம்பத்தில் தொங்குவது கவலைக்குரியதே. நிவாரணப் பணிக்கு இணைப்பு மிகவும் தேவைப்படும் நாளில் இரண்டும் சேர்ந்தே விழும்.

ஊர் வரை வரும் இழையில் போடும் பணம் நெடுங்காலம் உழைக்கக் கூடியது. பாரத்நெட்டிலும் வீட்டு இணைப்புகளிலும் பழகிய ஜிபான் முறையில் ஓர் இழையின் ஒளியைப் பிரிப்பான் பொதுவாக 32 கிளைகளுக்குப் பகிர்கிறது. பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாம். வழியில் பேட்டரியும் இல்லை, அதைத் திருடுவாரும் இல்லை. ஜிபான் கீழ்முகமாக 2.5 ஜிபிபிஎஸ் தருகிறது. அதே இழையில் வேறு ஒளி அலைநீளங்களைக் கொண்டு 10 ஜிபிபிஎஸ் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் உடன் ஓடலாம். இரு முனைக் கருவிகளை மாற்றினால் போதும், வடத்தைத் தொட வேண்டியதில்லை.

கட்டடத்துக்குள் வந்தபின்தான் வீண்செலவு தொடங்குகிறது. நகராத கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு வைஃபை தேவையே இல்லை; செம்பு வடம் மலிவு, பழுதும் குறைவு. பழைய கேட் 5ஈ வடம் சுவருக்குள் இருந்தால் அதைப் பிடுங்குவதும் வேண்டாம். 2016-இல் வந்த 802.3பிஇசட் தரம் அதே வடத்தில் 100 மீட்டர் வரை 2.5 ஜிபிபிஎஸ் தருகிறது. வடம் வழியே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ சுவிட்ச் இருந்தால் கூரையடி வைஃபை கருவிக்குத் தனி பிளக் வேண்டாம். பள்ளி முடிந்ததும் அதை அணைக்கும்படி நேரமும் குறித்து வைக்கலாம். 12 வாட் கருவி ஆண்டு முழுவதும் ஓடினால் 105 யூனிட் ஆகும். 220 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடினால் 21 யூனிட்.

வைஃபை 6 பயனுள்ள முன்னேற்றம். ஒரு தடத்தைக் கூறுகளாக்கிப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பகிர்வதால் 40 பேர் அமரும் வகுப்பறைக்கு அது பொருந்தும். ஆனால் மாணவர் கையில் உள்ள கருவியும் அந்தத் தலைமுறையாக இல்லாவிட்டால் ஆதாயம் சொற்பம். வைஃபை 7 பெருமைப்படும் 320 மெகாஹெர்ட்ஸ் தடம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே கிடைக்கும். 20 எம்பிபிஎஸ் இணைப்பின் முனையில் அதை வைப்பது ஒற்றையடிப் பாதையின் முடிவில் எட்டுவழிச் சாலை போடுவதைப் போன்றது.

அந்த 20 எம்பிபிஎஸ்ஸையே கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 எம்பி அளவுள்ள பாடக் காணொளியை 40 மாணவர் தனித்தனியே இறக்கினால் 8 ஜிபி ஆகும். இணைப்பு முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் 53 நிமிடம் பிடிக்கும். ஒரு பாடவேளை அதற்குள் முடிந்துவிடும். பள்ளிக்குள் உள்ள சிறிய சர்வர் ஒருமுறை இறக்கி வைத்தால் 80 விநாடி போதும். பார்த்த பக்கங்களைத் தானே சேமித்து வைக்கும் பழைய பிராக்ஸி முறை, இணையம் முழுக்க மறையாக்கத்துக்கு மாறியபின் பெரும்பாலும் பயனிழந்தது. இணையம் இல்லாத இடங்களுக்கென்றே எழுதப்பட்ட கோலிப்ரி, கிவிக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியே அவற்றுக்குப் போதும். இணைப்பை இருமடங்காக்கினால் கட்டணம் மாதந்தோறும் ஏறும். சர்வரை ஒருமுறை வாங்கினால் போதும்.

இதற்கு நேர்மாறானது சந்தா உரிமத்தில் ஓடும் கருவி. மேகக் கணினி வழியே நிர்வகிக்கப்படும் வைஃபை கருவிகளைத் தொலைவிலிருந்தே சீராக்க முடிகிறது. தொழில்நுட்ப ஆள் இல்லாத பள்ளிக்கு இது மெய்யான வசதிதான். ஆனால் அவற்றுள் சில, உரிமம் காலாவதியானால் வேலை செய்வதையே நிறுத்திவிடும். இவை ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலையாகத் தெரிந்து நான்காம் ஆண்டில் பரணுக்குப் போகின்றன. 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த மென்பொருளை ஏற்கும் ரவுட்டருக்கு, நிறுவனம் கைவிட்ட பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இது சிறிய பயன் அன்று. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த நெறிமுறைப்படி, அரசு அமைப்புகள் இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும். வரி வசூல் கணினியும் பொதுமக்கள் வைஃபையும் ஒரே வலையில் கிடக்கும் அலுவலகத்தில் தாக்குதல் நடந்ததே தெரியாது. ஒரே கருவியில் தனித்தனி வலைகளை அமைக்கும் விலேன் கொண்டு இரண்டையும் பிரிக்கச் செலவில்லை. அதைச் செய்யத் தெரிந்த ஆள்தான் தேவை.

இழை ஏறாத மலையூர்களுக்கு 5ஜி நிலை இணைப்போ செயற்கைக்கோளோ வழி. 35,786 கிலோமீட்டர் உயரத்துப் பழைய செயற்கைக்கோளின் தாமதம், 550 கிலோமீட்டரில் சுற்றும் புதியவற்றில் இல்லை. கட்டணம்தான் தடை.

கடைசியில் எஞ்சுவது ஆள் பற்றாக்குறை. கேரளம் இதற்குக் கண்ட விடை பொருட்படுத்தத் தக்கது. அங்கு 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்களும் இயங்குகின்றன. உரிமத்தில் மிச்சமான பணத்தைவிட, பழுதைத் தம் கையால் நீக்கத் தெரிந்த மக்கள் ஒவ்வொரு பள்ளியிலும் உருவானதே அதன் பெரிய வரவு.

இணைய வசதியுள்ள இந்தியப் பள்ளிகள் 2023-24-இல் 53.9 விழுக்காடு, 2024-25-இல் 63.5 விழுக்காடு என்கிறது யுடைஸ்+ கணக்கெடுப்பு. இந்த எண் இணைப்புள்ள பள்ளிகளைச் சொல்கிறது. ஆண்டில் எத்தனை நாள் அந்த இணைப்பு ஓடியது என்று சொல்வதில்லை. இணைப்பு நிற்காமல் ஓட என்ன செலவாகும் என்பதை வாங்கும்போதே கேட்கலாம். ஒப்பந்தப்புள்ளியின் விலைப் பட்டியலில் உரிமம், மின்சாரம், பராமரிப்பு மூன்றும் சேர்ந்த ஐந்தாண்டுச் செலவுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, அதன்படியே குறைந்த விலை கணக்கிடப்படும் என்று ஆவணத்தில் முன்கூட்டியே எழுதினால் போதும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.