செப்டிக் டேங்க்: மூடியை மறந்த வரலாறு

வீடு கட்டும்போது வாசல் எந்தத் திசையில், பூஜையறை எந்த மூலையில் என்று ஆயிரம் முறை யோசிப்பார்கள். ஆனால் அதே வீட்டின் செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குப் பதில் தெரியாது! இந்த மறதிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பிரான்சில் தொடங்குகிறது.

1860 வாக்கில் வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூராஸ் என்பவர் ஒரு வீட்டின் கழிவு வந்து சேர ஒரு தொட்டி கட்டினார். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்ததால் காற்று புக வழியில்லை. சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால், திடக்கழிவு நிறைந்திருக்க வேண்டிய தொட்டியில் பெரும்பாலும் நீர்தான் இருந்தது! பிறகு அபே முவாஞோ என்ற அறிவியல் எழுத்தாளரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1881-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்தக் கழிவைக் கரைத்திருந்தன.

"தானே சுத்தம் செய்துகொள்ளும் தொட்டி" என்று அது புகழ் பெற்றது. தானே சுத்தமாகும் என்றால் திறக்க வேண்டிய அவசியம் என்ன? மூடியை மறக்கும் பழக்கத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அடுத்தது இங்கிலாந்து. எக்ஸிட்டர் நகரின் சர்வேயர் டொனால்ட் கேமரன் 1895-ல் இதே முறையைப் பெரிய அளவில் செய்து காட்டினார். "செப்டிக் டேங்க்" என்ற பெயரை வைத்தவர் அவர்தான். கிரேக்க மொழியில் அழுகுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. டேங்கில் உண்டான வாயுவைக் கொண்டு அங்கே விளக்குகூட எரித்தார்கள். அந்த வாயுவில் மீத்தேன் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

இதில் வியாபாரமும் புகுந்தது. கேமரனின் நிறுவனம் அமெரிக்காவில் 1899-ல் காப்புரிமை பெற்று, பணம் தராத ஊர்கள் மீது வழக்குப் போட்டது. சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊருக்கு எதிரான வழக்கில் 1908-ல் வெற்றியும் பெற்றது. ஆனால் 1913-ல் நாக்ஸ்வில் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் காப்புரிமை முடிந்தபோதே அமெரிக்கக் காப்புரிமையும் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. யாருக்கும் ராயல்டி தராமல் யாரும் கட்டலாம் என்ற நிலை வந்தது.

சரி, தொட்டி உண்மையிலேயே தானே சுத்தமாகிவிடுமா? ஆகாது! நுண்ணுயிர்கள் ஒரு பகுதியை மட்டுமே கரைக்கும். மிச்சம் சேறாக அடியில் தங்கும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நீர் மட்டுமே வெளியேற வேண்டும். சேறு ஏறிக்கொண்டே போனால் அதுவும் நீரோடு வெளியே போய், நிலத்தில் நீர் ஊறும் இடத்தை அடைத்துவிடும். அதனால்தான் நம் நாட்டில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேற்றை எடுக்கச் சொல்கிறார்கள்.

எடுக்க வேண்டுமென்றால் மூடி வேண்டும். மூடியோ டைல்ஸுக்கு அடியில்! அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் வீட்டு வரைபடத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கட்டிய கொத்தனாரைக் கேளுங்கள். கழிவறைக் குழாய் சுவரை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து அது போகும் திசையைப் பின்தொடருங்கள். வழியில் சின்னச் சேம்பர்கள் இருந்தால் அவையே அடையாளம். காற்றுக் குழாய் நிற்கும் இடமும் துப்புச் சொல்லும். கம்பியால் மெல்லத் தட்டினால் வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை மாறும். ஆனால் பழைய ஸ்லாப் மேல் ஏறி நின்று தட்டாதீர்கள், உடைந்து விழலாம்.

கண்டுபிடித்ததும் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து அளந்து எழுதி வையுங்கள். இரண்டு அறை உள்ள தொட்டி என்றால் இரண்டுக்கும் மூடி இருக்க வேண்டும். மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்திக் கட்டி, குழந்தைகள் திறக்க முடியாதபடி கனமாக வைக்க வேண்டும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவதோ, கார் நிறுத்துவதோ, மரம் வைப்பதோ கூடாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? மூடி சரியான இடத்தில் இருந்தால் லாரியின் குழாய் உள்ளே போகும். இல்லாவிட்டால் சில இடங்களில் ஒரு மனிதன் உள்ளே இறக்கப்படுகிறான். எக்ஸிட்டரில் விளக்கெரித்த மீத்தேன் இங்கே ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். கூடவே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்தது. முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது.

தொகை உயர்ந்திருக்கிறது, ஆனால் போன உயிர் திரும்பாது. மூராஸ் தன் தொட்டியைத் திறந்து பார்த்ததால்தான் உலகுக்கு ஓர் அறிவு கிடைத்தது. உங்கள் வீட்டு மூடி எங்கே இருக்கிறது நண்பர்களே? இன்று மாலையே தேடிப் பாருங்கள்!