துணையிருந்தவளின் சாதி

'டூலா' என்ற சொல் இப்போது ஆராவிலும் காதில் விழுகிறது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் அதன் பின்னான வாரங்களிலும் தாயின் அருகே இருப்பவள், வைத்தியம் செய்யாதவள். மானிடவியலாளர் டானா ரபேல் 1973இல் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பண்டைக் கிரேக்கத்தில் இதன் பொருள் அடிமைப் பெண்.

அந்தப் பழைய பொருள் எங்களுக்குத்தான் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கப்பட்ட மருத்துவிச்சி பெரும்பாலும் சவரத்தொழிலாளர் சமூகத்தவள். பிள்ளையை ஏந்தியவளும் கொடி அறுத்தவளும் அவளே. 31ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் அவள் மீண்டும் முற்றத்தோடு நிற்கவேண்டியவள்.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1857இல் மோன்செலின் பிரசவ நூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழில் மருத்துவம் என்று நாம் பெருமைப்படும் முயற்சி அது (விரிவுரையாளனாக நானும் பெருமைப்பட்டவன்தான்). ஆனால் அவரிடம் பயின்றவர்கள் ஆண்கள். கைப்பழக்கம் உள்ளவளுக்கு அங்கே இடமில்லை. 1898இல் இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை வந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவியது. உயிர்கள் தப்பின, மறுக்கவில்லை. மருத்துவிச்சியோ 'அறியாமை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோனாள்.

2001இல் இங்கே என் மனைவி பிரசவித்தபோது மாமி யாழ்ப்பாணத்தில். இரவு வேலை முடித்து வந்து காயம் அரைத்துக் கொடுத்தவர் மேல்மாடியிலிருந்த அக்கா ஒருவர். பிள்ளை பார்க்க வந்த நண்பர், எங்கள் பழைய இடதுசாரி, என்னிடம் மெல்ல விசாரித்தார்: "அவை எந்தப் பகுதி?"