ஆதுலர்சாலையும் அரசினர் கடமையும்

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சாசனம் 11-ஆம் நூற்றாண்டினது. வீரராஜேந்திர சோழதேவர் காலத்தது. ஆங்கிருந்த வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையில் 15 படுக்கைகளும், வைத்தியரும், சல்லியக்கிரியை செய்வாரும், பணிப்பெண்டிரும் இருந்தமையை அது செப்புகின்றது. இரவெரியும் விளக்கிற்கு எண்ணெயும் மறக்கப்படவில்லை. சங்கத்து அன்பர்கள் இதனைப் பெருமையோடு எடுத்துரைப்பர், நாமும் அங்ஙனமே. ஆயினும் அச்சாலை கோயிற்பணியாளர்க்கும் ஆங்குப் பயின்ற மாணாக்கர்க்குமே அமைந்ததாம். அயலில் உழுதவன் நோயுற்றால் எங்குச் சென்றான்? சாசனம் மௌனஞ் சாதிக்கின்றது.

இங்கிலாந்திலோ 1946-இல் சட்டமியற்றி, 1948 ஜூலை 5 முதல், பெரும்பாலும் பொதுவரிப் பணங்கொண்டே யாவர்க்கும் சிகிச்சை அளிக்கலாயினர். 1951-இல் செயற்கைப் பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் துணிந்தபோது, அத்திட்டங் கண்ட பீவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். தானமாயின் வழக்காட இடமேது? நம் நாட்டிலும் அதே 1946-இல், ஸர் ஜோசப் போர் தலைமையிற் கூடிய குழுவினர், பொருளின்மை காரணமாக எவர்க்கும் சிகிச்சை கிட்டாதொழிதல் கூடாதென்று எழுதிவைத்தனர்.